ஊர்க் கலைக்குழு: பதிவில்லாமலே நடத்துவதா, சங்கமா, டிரஸ்ட்டா?

கிராமத்தில் ஒரு கலைக்குழு ஓரளவு நன்றாகப் போக ஆரம்பித்ததும் யாராவது ஒருவர், பெரும்பாலும் வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு பொங்கலுக்கு மட்டும் ஊருக்கு வருகிறவர், "முதல்ல இதை ரிஜிஸ்டர் பண்ணுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போவார். அதோடு பாதிப் பேர் பயிற்சியை விட்டுவிட்டு, தலைவர் யார், செயலாளர் யார், லெட்டர்பேடில் எந்தப் படம் போடுவது என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஒயிலாட்டம் அங்கேயே நின்றுவிடும்.

நான் இங்கே பேசுவது தமிழ்நாட்டுக் கிராமங்களில் சம்பளம் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடிப் பறையோ சிலம்பமோ கும்மியோ வீதி நாடகமோ பழகுகிற குழுக்களைப் பற்றி. தொழில்முறைக் கூத்து ஜமாக்களின் கதை வேறு. அங்கே வாத்தியார்தான் எல்லாம், உடுப்பும் கிரீடமும் அவருடையது, பாக்கு வாங்கி ஆட்டத்துக்கு ஒப்புக்கொள்வதும் பங்கு பிரிப்பதும் அவரே. அந்த ஏற்பாடு காலங்காலமாக ஓடுகிறது, ஓடட்டும். தன்னார்வக் குழுவில் அப்படி ஒரு முதலாளி கிடையாது, அதனால்தான் இந்தக் குழப்பமெல்லாம்.

எல்லாரும் முதலில் கேட்பது "எதுக்குச் செலவு கம்மி?" என்பதை. பதிவுச் செலவு ஒரு தடவை வருவது, அதை எப்படியாவது திரட்டிவிடலாம். என்னைக் கேட்டால் இரண்டு விஷயத்தை மட்டும் வைத்து முடிவெடுங்கள். நாளைக்குச் சண்டை வந்தால் பறையும் மைக் செட்டும் யாருக்கு? வருஷா வருஷம் கணக்கும் காகிதமும் எழுதப்போவது எந்த ஆள்? இரண்டாவது கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்ல முடியவில்லை என்றால் பதிவைப் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம்.

முதலில் பதிவே செய்யாமல் நடத்துவது. இதை ஏதோ தற்காலிக ஏற்பாடு போலப் பார்க்கிறார்கள், அப்படி இல்லை. பழகுவதற்கும், ஊர்த் திருவிழாவில் ஆடுவதற்கும், கிராமசபை நடக்கும் நாட்களில் ஒரு விழிப்புணர்வு நாடகம் போடுவதற்கும் யாரும் உங்களிடம் பதிவு எண் கேட்கப்போவதில்லை. நாடகம் போடப் பதிவு வேண்டும் என்று ஒரு பயம் சிலருக்கு இருக்கிறது. ஸ்கிரிப்டைக் காட்டி முன்அனுமதி வாங்கச் சொன்ன 1954-ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளையே சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் செல்லாது என்று சொல்லிவிட்டது. அடுத்தவர் எழுதிய நாடகத்தைப் போட்டால் கேஸ் வருமா என்றும் கேட்பார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே, தொழில்முறை அல்லாத குழு டிக்கெட் வாங்காத கூட்டத்துக்கு நடித்துக் காட்டுவதற்கு விலக்கு இருக்கிறது. ஒலிபெருக்கி வைக்கத்தான் அனுமதி வேண்டும், ராத்திரி 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை பொது இடத்தில் வைக்கக் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. அந்த மனு யாராவது ஒருவரின் கையெழுத்தில்தான் போகும்.

அந்த "யாராவது ஒருவர்" என்பதில்தான் இந்த ஏற்பாட்டின் பலவீனமும் இருக்கிறது. ஸ்டேஷன் மனுவில் அவர் பெயர், வாடகை ஜெனரேட்டருக்கு அவர் பெயர், வசூல் பணம் அவருடைய ஜிபேயில், பறைகள் அவர் வீட்டுத் திண்ணையில். அவர் நல்லவராகவே இருக்கட்டும். திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால்? கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டால்? பெண்கள் முன்னின்று நடத்தும் குழுக்களில் இது அடிக்கடி நடக்கிறது. குழு கலைவதற்குச் சண்டையே தேவையில்லை, ஒரு ஆள் ஊர் மாறினாலே போதும்.

இதற்கு மருந்து இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளில், யார் யார் உறுப்பினர், என்னென்ன பொருள் குழுவுடையது, எது யாருடைய சொந்தம், குழு நின்றுபோனால் பொருள் எங்கே போக வேண்டும் என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். பணத்துக்கு இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்கிற ஒரு கூட்டுக் கணக்கு. பதிவில்லாத குழுவின் பெயரிலேயே கணக்குத் தொடங்க ரிசர்வ் வங்கி விதிகளில் இடமுண்டு, தீர்மான நகலும் பான் கார்டு போன்ற மற்ற ஆவணங்களும் கேட்பார்கள். ஆனால் கிராமத்துக் கிளையில் மேனேஜர் "சர்டிபிகேட் இருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பார், வாதாடத் தெம்பிருந்தால் வாதாடுங்கள், இல்லையென்றால் இரண்டு தனிநபர் பெயரில் கூட்டுக் கணக்கே போதும்.

ஒரு விஷயத்தை மட்டும் யாரும் சொல்வதில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி, உறுப்பினர் 20 பேரை எட்டினாலோ, வருஷத்து வரவோ செலவோ 10,000 ரூபாயை எட்டினாலோ சங்கத்தைப் பதிவு செய்வது கட்டாயம். அந்தப் பத்தாயிரம் எழுபதுகளின் பத்தாயிரம். இன்றைக்கு ஒரு விழாவுக்கு மைக் செட், பந்தல், லைட் என்று போட்டாலே கிட்ட வந்துவிடும். உங்கள் குழுவுக்கு உடனே நோட்டீஸ் வரும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் ஊரெல்லாம் ரசீது கிழித்து வசூல் செய்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டால், "நாங்க சும்மா ஒரு குழுதான்" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஏற்கெனவே இருக்கும் ஏதாவது ஒரு அமைப்பின் நிழலில் ஒதுங்குவது. நூலக வாசகர் வட்டம், பள்ளி, இளைஞர் மன்றம், கோயில் திருவிழாக் கமிட்டி, ஊருக்கு வரும் தொண்டு நிறுவனம். காகித வேலை கிடையாது, இடமும் கிடைக்கும். ஆனால் இடம் என்பது கிராமத்தில் சாதாரண விஷயம் இல்லை. கோயில் மண்டபத்தில் பயிற்சி என்றால் காலனிப் பிள்ளைகள் வர முடியுமா? வந்தால் வாசலோடு நிற்க வேண்டுமா? பறையை அந்த மண்டபத்துக்குள் கொண்டுபோக விடுவார்களா? இதற்கெல்லாம் பதில் தெரிந்துகொண்டே "எல்லாருக்கும் பொதுவான குழு" என்று பேனர் அடிப்பதில் அர்த்தமில்லை. அரசுப் பள்ளியோ கிளை நூலகமோ கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. பெண் பிள்ளைகளை ஒருவர் வீட்டுக்கோ தோப்புக்கோ அனுப்பத் தயங்கும் பெற்றோர்கூட பள்ளிக்கூடம் என்றால் அனுப்புவார்கள். தலைமையாசிரியர் மாறினால் சாவியும் போய்விடும் என்பது இதிலுள்ள சிக்கல், அதனால் பேசிவைப்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இடத்தை வாங்கிக்கொள்ளுங்கள், பணத்தை அவர்கள் வழியாக வாங்காதீர்கள். தொண்டு நிறுவனத்தின் கணக்கில் உங்களுக்காக வரும் நன்கொடை அவர்களுடைய வரவாகத்தான் ஏறும், அவர்களுடைய ஆண்டறிக்கையில் உங்கள் ஆட்டம் அவர்களுடைய "செயல்பாடு" ஆகிவிடும். அப்புறம் எந்த மேடையில் எதைப் பேச வேண்டும் என்பதும் மெதுவாக அவர்கள் கையில் போகும். திருவிழாக் கமிட்டிக்கும் இது பொருந்தும், அங்கே ஆள்வது கட்சிக்காரரா சொந்தக்காரரா என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இப்போது சங்கம். கலைக்குழுவின் இயல்புக்கு நெருக்கமான வடிவம் இதுதான் என்பது என் கருத்து, ஏனென்றால் இதில் உறுப்பினர்தான் எல்லாம். குறைந்தது ஏழு பேர் வேண்டும், நிர்வாகக் குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது, அந்தக் குழுவின் பதவிக்காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. கலை, கைவினை, விளையாட்டு, பண்பாடு எல்லாம் சட்டம் ஏற்கும் நோக்கங்களில் வருகின்றன. அமைப்புக் குறிப்பும் தனிவிதிகளும், அதாவது நாம் பைலா என்று சொல்வது, எழுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். ஏற்கெனவே பதிவான சங்கத்தின் பெயரையோ அதைப் போன்ற பெயரையோ தரமாட்டார்கள், அரசு அமைப்பு மாதிரித் தோன்றும் பெயரும் நடக்காது. ஆகவே பேனர் அடிப்பதற்கு முன்னால் பெயரைப் பார்த்துவிடுங்கள்.

பைலாவைப் பத்திரம் எழுதுபவரிடம் கொடுத்தால் அவர் கையில் தயாராக இருக்கும் ஏதோ ஒரு நலச்சங்கத்தின் பைலாவில் பெயரை மாற்றிக் கொடுப்பார். அதில் இரத்ததான முகாம், மரம் நடுதல், முதியோர் இல்லம் எல்லாம் இருக்கும், கலை என்ற சொல்லே ஒரு மூலையில் கிடக்கும். நோக்கப் பகுதியை நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். பிறகு மாற்ற வேண்டுமானால் பொதுக்குழுவைக் கூட்டிச் சிறப்புத் தீர்மானம் போட்டு அதையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். யாரை உறுப்பினராகச் சேர்ப்பது என்ற பகுதியையும் கவனமாக எழுதுங்கள். சந்தா கட்டினவர் எல்லாருக்கும் ஓட்டு என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டால், ஆட்டமே தெரியாத ஒரு கூட்டம் தேர்தலுக்கு முந்தின மாதம் சந்தா கட்டிச் சேர்ந்து நிர்வாகத்தைப் பிடிப்பதைத் தடுக்க வழியில்லாமல் போகும். ஊராட்சித் தேர்தல் நெருங்கும்போது இந்த ஆசை பலருக்கு வரும். இத்தனை மாதம் பயிற்சிக்கு வந்திருந்தால்தான் வாக்குரிமை என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது.

சங்கத்தின் உண்மையான பாரம் பதிவுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. வருஷத்துக்கு ஒரு முறை பொதுக்குழு, அதன் மினிட்ஸ், தணிக்கை செய்த வரவுசெலவு, உறுப்பினர் பட்டியல், நிர்வாகிகள் மாறினால் அதற்குத் தனிப் படிவம். மார்ச்சில் கணக்கு முடித்தால் அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதிவாளரிடம் போயாக வேண்டும். முதல் வருஷம் உற்சாகமாகப் போகும். இரண்டாவது வருஷம் செயலாளருக்குக் குழந்தை பிறந்திருக்கும், மூன்றாவது வருஷம் ரசீது புத்தகம் எங்கே என்று தெரியாது. நாலைந்து வருஷம் தாக்கல் செய்யாமல் விட்டுவிட்டு, ஏதோ ஒரு மானியத்துக்காகத் திடீரென்று எல்லாவற்றையும் சரிசெய்யப் போனால் தாமதக் கட்டணம், விளக்கக் கடிதம், ஆடிட்டர் ஃபீஸ் என்று அந்த மானியமே அதற்குச் சரியாகிவிடும். ஆட்டம் தெரிந்த ஏழு பேரை விடக் கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர் கிடைப்பது கஷ்டம். அப்படி ஒருவர் இருந்தால், ஓய்வுபெற்ற ஆசிரியரோ கூட்டுறவு சங்கத்தில் இருந்தவரோ, அவரை ஆடச் சொல்லித் தொந்தரவு செய்யாமல் பொருளாளராக உட்காரவையுங்கள்.

இவ்வளவு தொல்லைக்குப் பலன் என்னவென்றால், தலைவர் போனாலும் சங்கம் இருக்கும். பறை சங்கத்துடையது, கணக்குச் சங்கத்துடையது, கையெழுத்து மட்டும் மாறும். உள்ளே தகராறு வந்தால் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் சேர்ந்து பதிவாளரிடம் விசாரணை கேட்கலாம். ஊர்ப் பஞ்சாயத்தில் சத்தமாகப் பேசுகிறவர் ஜெயிப்பதை விட இது எவ்வளவோ மேல்.

டிரஸ்ட்டைப் பற்றி நிறையப் பேருக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. காரணம் எளிது: இரண்டே பேர் போதும், ஒரு பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் முடிந்தது, பதிவாளருக்கு வருஷா வருஷம் எதையும் தாக்கல் செய்ய வேண்டாம், தேர்தல் கிடையாது. 1882-ஆம் ஆண்டு டிரஸ்ட் சட்டப்படி பதிவு என்று லெட்டர்பேடில் போட்டுக்கொள்வார்கள், அந்தச் சட்டம் தனியார் டிரஸ்ட்டுகளுக்கானது, பொது அறக்கட்டளைக்குப் பொருந்தாது என்பது தனிக் கதை.

அந்த எளிமைதான் எனக்கு உறுத்துகிறது. டிரஸ்ட்டில் உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. அறங்காவலர் இருப்பார், பலன் பெறுவோர் இருப்பார்கள், அவ்வளவுதான். ஆறு வருஷமாக வெயிலில் ஆடிப் பழகி, தன் காசில் சலங்கை வாங்கி, மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த அமைப்பில் ஓட்டும் இல்லை, கணக்குக் கேட்கும் இடமும் இல்லை. பத்திரத்தில் ஆயுள் அறங்காவலர் என்று எழுதிக்கொண்டவர்களை நகர்த்த வேண்டுமானால் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், அதற்கும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி இரண்டு பேராவது சேர்ந்து நீதிமன்ற அனுமதி வாங்கி வழக்குப் போட வேண்டும். ஒரு கலைக்குழுவில் யாருக்கு இதற்கெல்லாம் நேரம்? பத்திரத்தில் திருத்தத்துக்கு வழி வைக்காமல் விட்டிருந்தால் சின்ன மாற்றத்துக்குக்கூட அதே படியேற்றம்தான்.

டிரஸ்ட் பொருந்துகிற இடம் ஒன்று உண்டு. யாராவது பயிற்சிக் கொட்டகைக்கு ஒரு மனையைக் கொடுக்கிறார், அல்லது ஒரு பழைய கலைஞரின் குடும்பம் உடுப்பு, முகமூடி, தோல்பாவை என்று ஒரு சேகரிப்பையே ஒப்படைக்கிறது. அதை வருகிற தேர்தலில் ஜெயிக்கிறவர் விற்றுவிடக் கூடாது என்றால் டிரஸ்ட்டின் இறுக்கம் அப்போது நல்லது. மனையை டிரஸ்ட்டில் வைத்து, ஆட்டத்தையும் நிகழ்ச்சியையும் சங்கத்தில் வைப்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அதற்கு இரண்டு மடங்கு ஆள் வேண்டும்.

கம்பெனிச் சட்டம் 2013-இன் எட்டாவது பிரிவில் லாப நோக்கமற்ற கம்பெனியாகவும் பதியலாம். எல்லாமே ஆன்லைன், மதிப்பும் உண்டு. ஆனால் கட்டாயத் தணிக்கை, வருடாந்தரத் தாக்கல்கள், இயக்குநர்களுக்கான எண், தவறினால் அபராதம். கும்மிக் குழுவுக்கு இது வேண்டவே வேண்டாம்.

பதிவுக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பணத்தை நினைத்துத்தான் போகிறார்கள், அதனால் பணத்தைப் பற்றிக் கொஞ்சம். முதலில், நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் சேருவது தனிநபர், குழு இல்லை. உங்கள் குழு பதிவானதா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை, தகுதியுள்ளவர்கள் இன்றைக்கே விண்ணப்பிக்கலாம். மத்திய கலாச்சார அமைச்சகத்தின் மானியத் திட்டங்கள் பெரும்பாலும் பதிவுபெற்ற அமைப்புகளுக்குத்தான், தொண்டு அமைப்புகள் பதிந்துகொள்ளும் நிதி ஆயோக்கின் தர்ப்பண் இணையதளத்தில் எண் வாங்கவும் சொல்வார்கள். சங்கமா டிரஸ்ட்டா என்று அங்கே பேதம் பார்ப்பதில்லை, சில வருஷத்துத் தணிக்கை அறிக்கையைத்தான் பார்ப்பார்கள். ஆகையால் மானியத்துக்காகப் போன மாதம் பதிவு செய்த குழுவுக்கு இந்த மாதம் ஒன்றும் நடக்காது.

நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை, அதாவது 80ஜி, பதிவோடு தானாக வருவதல்ல. வருமான வரித்துறையிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 2025-இல் வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருந்தாலும் ஊரில் எல்லாரும் 80ஜி என்றுதான் சொல்வார்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. யோசித்துப் பாருங்கள், உங்களுக்கு நூறும் இருநூறும் கொடுப்பவர்களில் எத்தனை பேர் வரிச்சலுகைக்காகக் கொடுக்கிறார்கள்? கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்துக்குப் பாரம்பரியக் கலைகள் தகுதியான இனம்தான், ஆனால் வரித்துறைப் பதிவுகள், 2021 முதல் சிஎஸ்ஆர்-1 என்ற தனிப் பதிவு, வழக்கமாக மூன்று வருஷ அனுபவம் எல்லாம் கேட்பார்கள். அருகில் ஒரு சர்க்கரை ஆலையோ நூற்பாலையோ இருந்து அங்கே ஆளைத் தெரியும் என்றால் முயன்று பார்க்கலாம், மற்றபடி இதை நம்பிப் பதிவு செய்ய வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து குழுவுக்குப் பணம் அனுப்பும் சிங்கப்பூர் மாமா விவகாரத்தில் மட்டும் ரொம்ப ஜாக்கிரதை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்தை முறையான வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. அவர் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், உங்கள் சொந்த ஊர்க்காரராகவே இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் அனுமதி இல்லாமல் குழுவுக்கு வாங்கக் கூடாது. அந்தப் பதிவு புதுச் சங்கத்துக்குக் கிடைக்காது, குறைந்தது மூன்று வருஷம் இயங்கி 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும். குழுவின் கணக்கு எண்ணை வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன்னால் இதை நிர்வாகிகள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் எதைச் செய்வது? புதிதாக ஆரம்பித்தவர்கள், பத்துப் பதினைந்து பேர், செலவு கைக்காசில் நடக்கிறது என்றால் பதிவே வேண்டாம், அந்த வெள்ளைத்தாள் ஒப்பந்தமும் கூட்டுக் கணக்கும் பள்ளியிலோ நூலகத்திலோ ஓர் இடமும் போதும். இரண்டு திருவிழாச் சீசன் தாண்டியும் அதே ஆட்கள் வருகிறார்கள், வெளியூரிலிருந்து அழைப்பு வருகிறது, பொதுவில் வசூல் செய்கிறீர்கள், கணக்கு எழுத ஆள் கிடைத்துவிட்டார் என்றால் சங்கம், தயங்க வேண்டாம். வசூலும் தலையும் கூடிவிட்டது, ஆனால் கணக்கு எழுத ஆள் மட்டும் கிடைக்கவில்லை என்ற நிலைதான் சிக்கலானது. அப்போது நான் குழுவைச் சின்னதாக்கச் சொல்வேன். பொது வசூலை நிறுத்திவிட்டு, அழைக்கிறவர்களே மைக்குக்கும் வண்டிக்கும் நேரடியாகக் கொடுத்துக்கொள்ளட்டும் என்று வையுங்கள். நிலமோ சேகரிப்போ கைக்கு வந்தால் மட்டும் டிரஸ்ட், அதிலும் அறங்காவலருக்குக் கால வரம்பு போட்டு.

சங்கம் என்று முடிவாகிவிட்டால் பதிவாளர் அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் பொருள் பட்டியலைப் பிரித்துவிடுங்கள். சங்கத்தைக் கலைக்கும்போது அதன் சொத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. ஒருவர் தாத்தா காலத்துத் தவிலைப் பிரியமாகக் கொண்டுவந்து வைத்திருப்பார், அதை இருப்புப் பதிவேட்டில் சங்கச் சொத்தாக ஏற்றிவிட்டால் அவருடைய பிள்ளை வந்து கேட்கும்போது கொடுக்க வழி இருக்காது. அப்படிப்பட்ட பொருளுக்கெல்லாம் "இரவல்" என்று எழுதி, உரியவர் பெயரையும் தேதியையும் போட்டு, அவரிடமே ஒரு கையெழுத்து வாங்கி வையுங்கள்.